இடுப்பில் எலும்பு முள்: ஒன்றரை வருடமாக நான் போய் வந்த இடங்கள்

எங்கள் வீட்டு வாசலிலிருந்து குடமுருட்டிப் பாலம் வரைக்கும் பத்தொன்பது மின்கம்பங்கள் இருக்கின்றன. போன வருடம் தை மாதத்தில் மூன்றாவது கம்பத்துக்கு மேல் என்னால் நடக்க முடியவில்லை. மூன்றாவது கம்பம் வந்ததும் இரண்டு பிட்டத்திலும் கல்லைக் கட்டித் தொங்கவிட்டது போல ஆகி, தொடை வழியாகக் கெண்டைக்கால் வரைக்கும் இழுக்கும். பாதம் மரத்துப்போகும். பக்கத்தில் இருக்கிற திண்ணையில் உட்கார்ந்து முன்னால் குனிந்தால் இரண்டு நிமிஷத்தில் விட்டுவிடும். எழுந்து நடந்தால் மறுபடியும் மூன்று கம்பம்தான்.

எனக்கு வயது 62. வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமம். சத்துணவு அமைப்பாளராக 33 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அமைப்பாளர் என்றால் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். சமையலர் வராத நாளில் சாம்பார் அண்டாவை இறக்குவது, அரிசி மூட்டையை உதவியாளரோடு சேர்ந்து இழுத்துப் போடுவது, முட்டை அட்டையைச் சுமந்து வருவது எல்லாம் எங்கள் தலையில்தான். பதினோரு வருடமாகச் சர்க்கரையும் இருக்கிறது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் வைத்தியத்தில் பாதி முடிவைச் சர்க்கரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இந்தப் பிரச்சினை இருக்கிறது. நடவு நட்ட பெண்கள், மூட்டை தூக்கிய ஆண்கள், நாள் முழுக்கக் குழித்தறியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஒரு படத்தைப் பையில் வைத்துக்கொண்டு "முள்ளு வளர்ந்திருக்காம்" என்று சொல்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நல்லதும் கெட்டதும் கலந்து சொல்லப் போவதால் தனியார் இடங்களின் பெயரைப் போடவில்லை.

முதலில் போனது ஒரு தனியார் எலும்பு மருத்துவமனை. வெள்ளை டைல்ஸ், ஏசி, வரிசையில் நிற்க வேண்டாம். சீட்டு எழுதுகிற இடத்திலேயே எக்ஸ்ரேவுக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டர் என்னைப் பார்ப்பதற்கு முன்பே படம் அவர் மேஜைக்குப் போய்விட்டது. அதை விளக்குப் பலகையில் மாட்டி, எல்-4, எல்-5 (இடுப்பு முதுகெலும்பில் நாலாவது, ஐந்தாவது) எலும்பின் ஓரத்தில் கிளி மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த இடத்தைப் பேனாவால் காட்டினார். "இதுதான் முள்ளு. இதை எடுத்தாத்தான் சரியாகும். தள்ளிப்போட்டா கால் விழுந்துடும்" என்றார். இரண்டரை லட்சம் ஆகும், இந்த வாரமே சேர்ந்துவிடலாம் என்று வெளியே இருந்த பெண் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

அந்த அறையில் நான் இருந்தது அதிகம் போனால் ஆறு நிமிஷம். அதற்குள் ஒரு தடவைகூட என்னை எழுந்து நடக்கச் சொல்லவில்லை. காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. எத்தனை தூரத்தில் வலி வருகிறது, உட்கார்ந்தால் போகிறதா என்று எதுவும் கேட்கவில்லை. என் மகன் பயந்துபோய் அன்றைக்கே நகையை எடுக்கிற பேச்சை ஆரம்பித்துவிட்டான். கால் விழுந்துவிடும் என்ற வார்த்தை என்னை மூன்று ராத்திரி தூங்கவிடவில்லை. ஒரு நோயாளியிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது என்று இப்போதும் நினைக்கிறேன். கால் விழுகிற அறிகுறி உண்மையிலேயே இருந்திருந்தால் சோதித்துப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் சொல்லியிருக்கவே கூடாது.

அப்புறம் இரண்டு மாதம் நானாக வைத்தியம் பார்த்துக்கொண்டேன். மருந்துக் கடையில் "இடுப்பு வலி" என்று சொன்னால் டைக்ளோஃபினாக் மாத்திரை கொடுப்பார்கள். காலை ஒன்று, இரவு ஒன்று. வலி அடங்கியது உண்மை. ஆனால் ஐந்தாவது வாரம் வயிற்றில் நெருப்பு வைத்தது போல எரிச்சல், ரத்த அழுத்தமும் ஏறிப்போனது. இந்த வகை வலி மாத்திரைகளை நாள்கணக்கில் போட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகத்தைப் பாதிக்கும், அழுத்தத்தை ஏற்றும். சர்க்கரைக்காரர்களுக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருக்கலாம். டாக்டர் எழுதிக் கொடுத்த நாள் கணக்குக்கு மேல் ஒரு மாத்திரைகூடக் கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

என் நாத்தனார் பங்குனியில் வலங்கைமான் மாரியம்மனுக்குப் பாடைக்காவடி எடுப்பதாக எனக்காக வேண்டிக்கொண்டார். கூடவே ஒரு சுளுக்கு எடுப்பவரிடமும் கூட்டிப்போனார். நல்ல மனிதர், பணத்தில் கறார் கிடையாது. நொச்சி இலை போட்டு வெந்நீர் ஒத்தடம், சூடான எண்ணெய் தேய்ப்பு. ஒத்தடம் உண்மையிலேயே இதமாக இருந்தது, இன்றைக்கும் வீட்டில் போடுகிறேன். ஆனால் மூன்றாவது நாள் குப்புறப் படுக்கவைத்து முழங்காலை இடுப்பில் ஊன்றி அழுத்தினார். வலது கால் முழுக்க மின்சாரம் பாய்ந்தது போல இருந்தது. நரம்பு நெருக்கப்பட்டிருக்கிறவர்களை இப்படிப் பின்பக்கமாக வளைத்து அழுத்துவது ஆபத்து என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அவரே ஒரு பொடியும் கொடுத்தார், முள்ளைக் கரைக்கும் என்று. அதைச் சாப்பிட்ட நாட்களில் வலி மாயமாகப் போனது, ஆனால் வெறும் வயிற்றில் 140 இருந்த சர்க்கரை 230-க்குப் போனது. எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா கேட்டதும் நிறுத்தச் சொன்னார். இப்படிப்பட்ட பெயரில்லாப் பொடிகளில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றார். என் பொடியில் இருந்ததா என்று யாரும் சோதிக்கவில்லை. நிறுத்தி ஒரு வாரத்தில் சர்க்கரை இறங்கியது, வலியும் திரும்பி வந்தது.

அந்த டாக்டரம்மாதான் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். சித்திரை வெயிலில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனோம். வரிசை நீளம்தான். ஓ.பி. சீட்டு வாங்கி, எலும்புப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, டாக்டரைப் பார்க்க மதியம் ஆகிவிட்டது. உட்கார இடம் கிடைக்காமல் நின்ற நேரம்தான் கஷ்டம். என்னைப் போல நிற்க முடியாதவர்கள் மடக்கு ஸ்டூல் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.

ஆனால் உள்ளே போனதும் நடந்தது வேறு. இளவயது டாக்டர், என் மகன் வயதுதான் இருக்கும். படத்தை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "படத்தை அப்புறம் பாக்கலாம்மா. நீங்க நடந்து காட்டுங்க" என்றார். குதிகாலால் நடக்கச் சொன்னார், நுனிக்காலால் நடக்கச் சொன்னார். படுக்கவைத்துக் காலை நீட்டித் தூக்கினார். கட்டைவிரலை மேலே மடக்கச் சொல்லி, தன் விரலால் எதிர்த்து அழுத்திப் பார்த்தார். சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். குண்டூசி முனையால் பாதத்தில் எங்கே உணர்ச்சி இருக்கிறது என்று பார்த்தார். கடைசியாகப் பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி பார்த்தார். அது எதற்கு என்று கேட்டேன். நடந்தால் வந்து நின்றால் போகிற கால்வலி, காலுக்கு ரத்தம் சரியாகப் போகாவிட்டாலும் வருமாம். சர்க்கரைக்காரர்களுக்கு அதையும் பார்க்க வேண்டுமாம். "சைக்கிள் மிதிச்சா வலிக்குதாம்மா?" என்று கேட்டார். நான் சைக்கிள் ஓட்டுகிறவள்தான். மிதிக்கும்போது வலிக்காது, நடந்தால்தான் வலிக்கும், அதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. அவர் சிரித்தார். "அதுலயே பாதி தெரிஞ்சுபோச்சு" என்றார்.

அவர் விளக்கிய விதத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். இடுப்பில் ஐந்து எலும்பு, நடுவில் ஜவ்வு. வயதாக ஆக ஜவ்வு வற்றி மெலிந்துபோகிறது. இரண்டு எலும்புக்கும் நடுவில் ஆட்டம் கொடுக்கிறது. அந்த ஆட்டத்தைத் தாங்குவதற்காக உடம்பே ஓரத்தில் எலும்பை வளர்த்துக்கொள்கிறது. கரை இடிகிற இடத்தில் நாம் மண்ணை அணைத்துக் கட்டுகிற மாதிரி. அதற்குப் பெயர்தான் முள், ஆஸ்டியோஃபைட். குத்துகிற முள் இல்லை அது, வழுவழுப்பான எலும்புதான். அறுபது தாண்டிய பலருக்குப் படம் எடுத்தால் இருக்கும், அவர்களில் நிறையப் பேருக்கு ஒரு வலியும் இருக்காது. பால் குடித்ததால் வந்தது, சுண்ணாம்புச் சத்து அதிகமானதால் வந்தது என்பதெல்லாம் தவறு. வளர்ந்ததைக் கரைக்கிற மாத்திரையோ எண்ணெயோ ஊசியோ உலகத்தில் கிடையாது.

தொந்தரவு எப்போது என்றால், வளர்ந்த எலும்பும் தடித்த தசைநாரும் சேர்ந்து நரம்பு போகிற வாய்க்காலை நெருக்கும்போதுதான். நிமிர்ந்து நின்றால் அந்த வாய்க்கால் இன்னும் குறுகும், குனிந்தால் கொஞ்சம் விரியும். அதனால்தான் நடந்தால் வலி, உட்கார்ந்தால் நிம்மதி, சைக்கிளில் முன்னால் சாய்ந்து மிதித்தால் ஒன்றும் இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பு மட்டும்தான் தெரியும், நரம்பு தெரியாது. நரம்பைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். முதலில் படத்தைக் காட்டி ஆபரேஷன் என்றவர் அதைக்கூட எடுக்கச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கேயே எடுத்துக்கொண்டேன், 2,500 ரூபாய் கட்டினேன். வெளியே 7,000 கேட்டிருந்தார்கள். எல்-4, எல்-5 நடுவில் மிதமான நெருக்கம் என்று வந்தது. கால் பலம் குறையவில்லை, சிறுநீர் மலத்தில் பிரச்சினை இல்லை. "இப்ப ஆபரேஷன் தேவையில்லை. மூணு மாசம் ஒழுங்கா பயிற்சி செய்யுங்க" என்று எழுதிக் கொடுத்தார். ராத்திரிக்குக் கேபாபென்டின் என்று ஒரு நரம்பு மாத்திரை, குறைந்த அளவில். அது எனக்குத் தலைசுற்றலைக் கொடுத்தது. அவரிடமே சொல்லி, பதினைந்து நாளில் படிப்படியாக நிறுத்தினேன்.

தஞ்சாவூருக்கு வாரம் இரண்டு தடவை பயிற்சிக்குப் போய் வர முடியாது. அதனால் கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் சேர்ந்தேன். நான் உண்மையில் விமர்சனம் எழுத வந்தது இந்த இடத்தைப் பற்றித்தான்.

முதலில் குறை. கிளினிக் மாடியில் இருக்கிறது, கீழே பாத்திரக் கடை. பதினெட்டுப் படி, நடுவில் ஒரு திருப்பம், லிஃப்ட் கிடையாது. இடுப்பு வலிக்காரரும் முழங்கால் வலிக்காரரும் வருகிற இடத்தை மாடியில் வைத்திருப்பது பெரிய தவறு. கைப்பிடி இடது பக்கம் மட்டும்தான். காத்திருக்கிற இடத்தில் இருப்பவை தாழ்வான பிளாஸ்டிக் நாற்காலிகள், உட்கார்ந்தால் எழ முடியவில்லை. இரண்டையும் அவர்களிடமே சொன்னேன். நாற்காலியை மாற்றிவிட்டார்கள், உயரமாகக் கை வைத்த மர நாற்காலி நாலு வந்திருக்கிறது. படி அப்படியேதான் இருக்கிறது.

முதல் நாள் கட்டணம் 400 ரூபாய், அடுத்தடுத்து 250. முதல் நாள் என்னோடு ஐம்பது நிமிஷம் இருந்தார்கள். பிசியோதெரபி படித்த பெண், முப்பது வயது இருக்கும். தஞ்சாவூர் டாக்டர் செய்த சோதனைகளையெல்லாம் மறுபடி செய்துவிட்டு, ஒரு கேள்வி கேட்டார். "வலி போகணும்ங்கிறது சரிம்மா. வலி போனா என்ன செய்யணும்னு ஆசை?"

அப்படி யாரும் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஆடிப்பெருக்குக்குப் பாலம் வரைக்கும் என் காலால் நடந்துபோய், படித்துறையில் காப்பரிசி வைத்துக் கும்பிட வேண்டும் என்றேன். என் அட்டையின் தலைப்பில் "ஆடி 18, பாலம், 19 கம்பம்" என்று எழுதினார். வைகாசி பிறந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு வாரம் இருந்தது.

பயிற்சிகள் பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை நெஞ்சுக்கு இழுத்துப் பிடிப்பது, அப்புறம் இரண்டையும். வயிற்றை உள்ளிழுத்து இடுப்பின் பின்பக்கத்தைப் பாயோடு அழுத்துவது. முழங்காலை மடக்கிப் பிட்டத்தைத் தூக்கி ஐந்து எண்ணுவது. நாற்காலியில் உட்கார்ந்து முன்னால் குனிந்து கையைத் தரையில் வைப்பது. ஓரமாக இருக்கிற நிலை சைக்கிளில் பத்து நிமிஷம். எல்லாம் முன்பக்கம் குனிகிற வகை. பின்னால் வளைகிற பயிற்சி ஒன்றுகூடத் தரவில்லை. இணையத்தில் இடுப்பு வலிக்கென்று போடுகிற பாம்பு மாதிரி நிமிர்கிற ஆசனம் என் வகை நெருக்கத்துக்கு ஆகாது என்று தெளிவாகச் சொன்னார். ஜவ்வு பிதுங்கியவருக்கு ஒரு பயிற்சி, வாய்க்கால் நெருங்கியவருக்கு வேறு பயிற்சி. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் செய்வதைப் பார்த்து நானும் செய்யப் போனபோது தடுத்துவிட்டார். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

மின்சார மெஷின் வைப்பதும் உண்டு. நாலு பட்டையை இடுப்பில் ஒட்டிப் பத்து நிமிஷம் குறுகுறுவென்று இருக்கும். அது முடிந்த ஒரு மணி நேரத்துக்குச் சுகம், அவ்வளவுதான். மூன்றாவது தடவை நானே கேட்டேன், இது எதற்கு என்று. "இது வலியைக் கொஞ்சம் மறைக்கும், அந்த நேரத்துல பயிற்சி செய்ய சுலபமா இருக்கும். இது மட்டும் போட்டா பிரயோஜனம் இல்லம்மா" என்று நேராகச் சொன்னார். வேண்டாம் என்றேன், கட்டணத்தில் 50 ரூபாய் குறைத்துக்கொண்டார். கும்பகோணத்திலேயே வேறு இடத்துக்குப் போன என் சித்தி மகள் ஒரு மாதம் முழுக்க மெஷினும் இழுவைக் கட்டிலும் மட்டும் வைத்துவிட்டு வந்தாள். ஒரு பயிற்சிகூடச் சொல்லித் தரவில்லை. காசு மட்டும் போனது. நீங்கள் போகிற இடத்தில் முதல் வாரத்திலேயே வீட்டில் செய்யப் பயிற்சி எழுதித் தருகிறார்களா என்று பாருங்கள்.

எனக்கு அதிகம் உதவியது வீட்டு வேலை பற்றி அவர் சொல்லித் தந்ததுதான். என் வீட்டைப் பற்றி விவரமாகக் கேட்டார். அடுப்பு மேடை எத்தனை உயரம், தண்ணீர் எங்கிருந்து பிடிக்கிறேன், துணி எங்கே துவைக்கிறேன். கட்டிலிலிருந்து எழும்போது நேராக எழாமல், ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கீழே போட்டுக் கையை ஊன்றி எழ வேண்டும். அடுப்படியில் நிற்கும்போது ஒரு காலைச் சின்ன மணைப்பலகையில் வைத்துக்கொண்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கால் மாற்ற வேண்டும். ஒரு மணைப்பலகை இவ்வளவு செய்யும் என்று நான் நினைக்கவே இல்லை. தோசை சுட்டு முடிக்கிற வரைக்கும் நிற்க முடிந்தது. நிறைகுடத்தை இடுப்பில் வைக்காமல் இரண்டு கையிலும் பாதி பாதியாக இரண்டு வாளி. வாசல் பெருக்க நீளக் கம்பு கட்டிய விளக்குமாறு. மேல் பரணில் இருப்பதை எம்பி எடுக்கக் கூடாது, ஏனென்றால் அப்போதுதான் இடுப்பு பின்னால் வளைகிறது.

நடப்பதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். வலி வந்த பிறகு உட்காரக் கூடாது, வருவதற்கு முன்பே உட்கார வேண்டும். மூன்றாவது கம்பத்தில் வருகிறது என்றால் இரண்டாவது கம்பத்தில் உட்கார். ஒரு நிமிஷம் குனிந்து இளைப்பாறு. மறுபடி இரண்டு கம்பம். ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை கம்பம் என்று அட்டையில் எழுது. முதல் வாரம் என் அட்டையில் ஆறு, ஆறு, எட்டு, ஆறு என்று இருக்கிறது. நாலாவது வாரம் பதினாலு. என் வீட்டுக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே வருவார். முடியாதபோது சைக்கிள் கைப்பிடியைப் பிடித்து முன்னால் சாய்ந்துகொண்டு நடப்பேன். அப்படிச் சாய்ந்தால் இன்னும் நாலு கம்பம் கூடப் போகும். தெருவில் இருக்கிறவர்கள் ஏன் சைக்கிளைத் தள்ளுகிறாய், ஏறிப் போகலாமே என்று கேட்டார்கள். காரணத்தைச் சொல்லிச் சொல்லியே இரண்டு பேருக்கு அவர்கள் கால்வலி என்னவென்று புரிந்துபோனது.

அந்த ஆடிப்பெருக்குக்குப் பாலம் வரைக்கும் போனேன், ஐந்து இடத்தில் உட்கார்ந்து. மேட்டூர்த் தண்ணீர் வந்து குடமுருட்டி கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. படித்துறையில் இறங்க என் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாம் ஏறுமுகமாகவே இருந்தது என்று சொன்னால் பொய். ஐப்பசி மழையில் வெளியே நடக்க முடியவில்லை, தீபாவளிப் பலகாரம் சுட இரண்டு நாள் தரையில் உட்கார்ந்து எழுந்தேன், பயிற்சியை விட்டுவிட்டேன். கார்த்திகையில் மறுபடி நாலு கம்பத்துக்கு வந்துவிட்டது. அப்போதுதான் இடுப்பில் போடுகிற ஸ்டீராய்டு ஊசி பற்றிப் பேசினார்கள். தஞ்சாவூரிலேயே போட்டுக்கொண்டேன். சி-ஆர்ம் என்கிற எக்ஸ்ரே மெஷினில் பார்த்துக்கொண்டே நரம்பைச் சுற்றி இருக்கிற இடத்தில் மருந்தை விடுகிறார்கள். குப்புறப் படுக்க வேண்டும், மரத்துப்போகிற ஊசி முதலில். வேலை கால் மணி நேரத்துக்குள் முடிந்தது, சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்றாவது நாளிலிருந்து கால் இழுப்பு நன்றாகக் குறைந்தது. ஏறக்குறைய மூன்று மாதம் நின்றது. ஆனால் ஊசி போட்ட மறுநாளிலிருந்து ஐந்து நாள் சர்க்கரை 300-ஐத் தாண்டியது. முன்பே சொல்லி வைத்திருந்ததால் தினமும் பார்த்து, டாக்டர் சொன்னபடி மருந்தைக் கூட்டிச் சமாளித்தேன். சர்க்கரை இருக்கிறவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ஊசிக்கு முன்னால் அதை மறக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்த ஊசி எல்லோருக்கும் கேட்பதில்லை, கேட்டாலும் நிரந்தரம் இல்லை, வருடத்தில் மூன்று நாலு தடவைக்கு மேல் போடமாட்டார்கள். எனக்கு அது கொடுத்தது மறுபடி பயிற்சிக்குத் திரும்ப ஒரு இடைவெளி. அந்த மூன்று மாதத்தைச் சும்மா உட்கார்ந்து கழித்திருந்தால் ஊசி வீண்தான்.

இடுப்புப் பெல்ட் 900 ரூபாய்க்கு வாங்கினேன். பஸ்ஸில் போகும்போது மட்டும் கட்டுகிறேன். நாள் முழுக்கக் கட்டினால் வயிறு, முதுகுத் தசை சோம்பேறியாகிவிடும் என்று எச்சரித்திருக்கிறார்கள்.

ஆபரேஷன் தேவையே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. என் அக்கா வீட்டுக்காரருக்கு இதே இடத்தில் நெருக்கம். அவருக்கு ஒரு நாள் செருப்பு தானாகக் கழன்று விழுந்தது, தெரியவே இல்லை. பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. அவருக்கு இரண்டு வாரத்துக்குள் ஆபரேஷன் செய்தார்கள், செய்ததுதான் சரி. எலும்பின் பின்பக்கக் கூரையில் கொஞ்சம் எடுத்து நரம்புக்கு இடம் விடுகிறார்கள். வாய்க்காலைத் தூர் வாருவது போலத்தான். எலும்பு ரொம்ப நகர்கிறது என்றால் மட்டும் திருகாணி போட்டு இணைப்பார்கள். முள்ளை அகற்றுவது நோக்கம் இல்லை, நரம்பை விடுவிப்பதுதான் நோக்கம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையில் நடந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு அந்த அட்டை கிடைக்கும். அவர் இப்போது நடக்கிறார். பாதம் முழுசாகத் திரும்பவில்லை, முக்கால்வாசி திரும்பியிருக்கிறது.

சிறுநீர் வராமல் நின்றுபோனாலோ, கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, உட்காருகிற இடத்தைச் சுற்றி மரத்துப்போனாலோ, கால் திடீரென்று பலம் குறைந்தாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அங்கே பயிற்சி, ஒத்தடம் என்ற பேச்சே கிடையாது. காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, கீழே விழுந்த பிறகு வந்த வலி, இவற்றையும் முள் என்று நினைத்து வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

கும்பகோணம் வரைக்கும் வரவே முடியாத வயதானவர்களுக்கு ஒரு விஷயம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி கொடுப்பவர் வீட்டுக்கே வருகிறார். எங்கள் மேலத்தெருவில் படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெரியம்மாவை இப்படித்தான் திண்ணை வரைக்கும் கொண்டுவந்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் பெயர் எழுதிக்கொள்வார்கள்.

கிளினிக்குக்கு மொத்தம் இருபத்திரண்டு தடவை போயிருக்கிறேன், ஊசிக்குப் பிறகு போன எட்டும் சேர்த்து. படியை மட்டும் மனதில் வைத்து அஞ்சுக்கு நாலு கொடுக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூட்டம், நாலு மணிக்கே போய்விட்டால் அந்தப் பெண் கூடுதல் நேரம் நம்மோடு இருப்பார். சேலைக்கு உள்ளே முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டு போனால் பயிற்சி செய்யக் கூச்சமாக இருக்காது. வியாழக்கிழமை ஆலங்குடி குரு கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் எங்கள் பக்கத்துப் பஸ் நிறைந்துவிடும், நின்றுகொண்டே வர வேண்டியிருக்கும், அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

இந்த வருடம் ஆடி 18 அன்று பதினோராவது கம்பத்துக்குப் பக்கத்து மதகில் ஒரே ஒரு தடவை உட்கார்ந்தேன். சைக்கிள் வீட்டிலேயே இருந்தது. படத்தில் இருந்த முள் இன்றைக்கும் அதே இடத்தில்தான் இருக்கும், மறுபடி எடுத்துப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு அக்கா இரண்டு மாதமாக வாசல்படியில் இறங்கவே யோசிக்கிறார். வருகிற செவ்வாய்க்கிழமை அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன். எக்ஸ்ரே படத்தை இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டார். முதலில் நடந்து காட்டச் சொல்வார்கள் அக்கா, அந்தப் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வராதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.